நூறாவது முன்பதிவு

"குளிர்காலத்துல கைப்பிடி உறைஞ்சு போயிடும். ஒரு கெட்டில் வெந்நீர் ஊத்தினாத்தான் கதவு திறக்கும்" என்றாள் பாவ் வென்ஜு.

காரை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த இளம் தம்பதி, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் லெங் தாவோ திரும்பி அவளை முறைத்தார்.

சிங்யூ சொகுசு மின்சாரக் கார் கம்பெனி இழுத்துக்கொண்டு கிடந்தது. விற்பனை ஆட்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அதனால் ஏற்கெனவே கார் வாங்கியவர்களே ஒன்றுசேர்ந்து, சனியும் ஞாயிறும் கண்காட்சியில் சம்பளமில்லாமல் நின்று விற்றார்கள். கம்பெனி மூடிவிட்டால் உதிரிப் பாகம் கிடைக்காது, பழுது பார்க்க ஆள் இருக்காது. இவர்களுடைய கார்களெல்லாம் வாசலில் நிற்கும் அலமாரிகள்தான்.

குழுவுக்குத் தலைவர், பல் டாக்டர் லெங். பாவ் வென்ஜு மீன் மொத்த வியாபாரி.

கம்பெனியைக் காப்பாற்றப் பணம் தர, நகராட்சி அதிகாரி கூ ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நூறு பேர் வாங்குறது உறுதின்னு செல்போன்ல அழுத்தணும். அப்பத்தான் பசுமை மானியம். வெறும் முன்பதிவெல்லாம் கணக்குல வராது. போன தடவை ஒரு கம்பெனிக்குக் காகிதத்தை நம்பிக் கொடுத்தோம். இப்ப அந்த ஃபாக்டரியில வாத்து வளர்க்கிறாங்க."

லெங், பாவ் வென்ஜுவை ஓரமாக இழுத்தார்.

"அக்கா, எதிர்க் கடைக்காரன் உங்களைக் காசு கொடுத்து அனுப்பினானா?"

"இருக்கிறதைத்தானே டாக்டர் சொன்னேன்? மீனையே செவுளைத் திறந்து காட்டித்தான் விக்கிறேன்."

"இது மீன் இல்ல. சொகுசுக் கார்!"

"அப்ப இன்னும் நல்லாத் திறந்து காட்டணும்."

பின்னால் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

லெங் அவளை வெளியே அனுப்பினார். "கார் நிறுத்துற இடத்துக்குப் போங்க. ஓட்டிப் பார்க்க வர்றவங்களுக்குப் பக்கத்துல உட்காருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

"உங்க நாற்காலியில உட்கார்ந்தா வாயைத் திறன்னு சொல்றீங்க. இங்க மூடுன்னு சொல்றீங்க. ஒரு முடிவுக்கு வாங்க டாக்டர்!"

அவள் போனதும் வியாபாரம் சூடு பிடித்தது. கார் காற்றைவிட வேகம், பட்டைவிட மென்மை என்று லெங் பேசிய பேச்சில் முன்பதிவுகள் குவிந்தன. ஞாயிறு மதியம் திரையில் இருநூற்று முப்பத்தொன்று.

"இருநூறைத் தாண்டிட்டோம்!" என்று குழுவினர் கைதட்டினார்கள்.

நான்கு மணிக்கு, கம்பெனிப் பெண் சியாவ் லான் முகம் வெளுத்து வந்தாள்.

"டாக்டர், உறுதி பண்ணினது எண்பத்தொன்பதுதான்."

"என் மூலமா வந்தவங்க?"

"பதிவு நூத்திப் பதினாலு." தயங்கினாள். "உறுதி ஏழு."

"அப்ப மிச்சம்?"

"பெரும்பாலும் பாவ் அக்காவோட ஓட்டிப் பார்த்தவங்க."

லெங் வெளியே எட்டிப் பார்த்தார். காருக்குள் பாவ் வென்ஜுவின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. காருக்கு வெளியே பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

நாலரைக்குத் தொண்ணூற்று நான்கு. நாலே முக்காலுக்குத் தொண்ணூற்றெட்டு.

நேற்றைய இளம் தம்பதி ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

"மத்த எல்லாக் கார்க் கடையிலயும் கேட்டுட்டோம். ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லல. அதான் பயமா இருக்கு" என்றான் கணவன். "கெட்டில் நாங்களே வாங்கிக்கிறோம்."

அழுத்தினான். தொண்ணூற்றொன்பது.

ஐந்துக்கு மூன்று நிமிடம். எண் நகரவில்லை.

"மீதி நூத்தி முப்பத்திரண்டு பேர் எங்கப்பா போனாங்க?" என்று கேட்டார் கூ.

குழுவினர் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். லெங்கும்தான். கூட்டம் காட்ட ஆளுக்கு ஒன்றாக மனைவி பேரிலும் மைத்துனன் பேரிலும் போட்டு வைத்த பதிவுகள் அதில் எத்தனை என்று அவருக்குத் தெரியும். 'பேரை மட்டும் போட்டிருக்கேன், நீ எதையும் அழுத்திடாதே' என்று அவரே தன் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

கூ மானிய ஃபைலை மூடினார்.

திரை மினுங்கியது. நூறு.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சியாவ் லான் அழுதாள். கூ ஃபைலை மறுபடி திறந்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஓடி வந்த பாவ் வென்ஜுவை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். "இறக்குங்கடா, மீன் நாறும்!" என்று அவள் கத்தினாள். ஒருவரும் இறக்கவில்லை.

திரையில் நூறாவது பெயர் வந்தது: யூ ஷுஹுவா.

லெங் தன் மனைவியின் பெயரை இரண்டு தடவை படித்தார். அழைத்தார்.

"அழுத்தாதேன்னு சொன்னேனே... நீயா அழுத்தினே?"

"நான்தாங்க" என்றாள் மனைவி. "மூணு வருஷமா நீங்க அந்தக் காரைப் புகழ்ந்தீங்க, எனக்கு நம்பிக்கை வரல. நேத்து உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப, அந்த மீன்காரம்மா அரை மணி நேரம் அதைத் திட்டினாங்க. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்."