நகரும் எல்லை

2058 மார்ச் 4, தொண்டி: கடல்பசுவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் அதைக் காக்க அரசு பொருத்திய தானியங்கிப் பூட்டால் எந்தப் படகின் இன்ஜினும் இயங்காது, அது நகர்ந்தால் எல்லையும் நகரும்.

ஜனவரியில் மீனவர் சந்தியாகு தன் வலையை அறுத்து ஒரு கடல்பசுக் குட்டியை விடுவித்திருந்தார். அன்றுமுதல் அது அவர் படகின் பின்னாலேயே வந்தது. அவர் கரையில் தங்கியதும் அவர் வீட்டுக்கு நேரே வந்து கிடந்தது. ஊரின் நாற்பது படகுகளும் நின்றன.

“ஒன் மவ கூப்புடுறா மாப்ள,” என்று முதலில் கேலிசெய்த பக்கத்துப் படகுக்காரர் வியாகுலம், பன்னிரண்டாம் நாள் சிரிக்கவில்லை.

“கடலே இல்லாத ஊருக்குப் போயிரு மாப்ள. புள்ளைங்க பட்டினி கெடக்கு.”

சந்தியாகு மதுரைக்குப் பஸ் ஏறினார். மறுநாள் தொண்டிப் படகுகள் கிளம்பின. அதற்கடுத்த நாள், மதுரை வழியாக வரும் வைகை கடலில் சேரும் இடத்தில், அங்கிருந்த அத்தனை படகுகளும் நின்றுபோயின.