வழக்கத்துக்கு மாறாக

தௌனோ மூன்றாவது கேள்விக்கும் டிக் போட்டான்.

'வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்கிறாரா?' ஆம்.

'வழக்கத்துக்கு மாறாகப் பேசுகிறாரா?' ஆம்.

'முன்பு இல்லாத உடல் அறிகுறி ஏதேனும் உண்டா?' ஆம். கீழே விட்டிருந்த இடத்தில், 'சிரித்து முடித்ததும் ஒரு விக்கல். ஒவ்வொரு முறையும்' என்று எழுதினான்.

எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்த மட்டில் அவனுக்கு நிம்மதி.

மூன்று டிக் விழுந்தால் அவன் மனைவி ஐலாவுக்கு இன்றைக்கு இரண்டாவது தவணை மருந்து ஏறாது. அதுவும் அவனுக்குத் தெரியும். மனச்சோர்வை நாள்கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் விரட்டுமாம் இந்தப் புது மருந்து. உண்மையா, ஆபத்து இல்லாததா என்று பார்க்கும் சோதனை இது. வீட்டில் கூட இருப்பவர் எழுதித் தரும் தாளைப் பார்க்காமல் ஊசியைத் தொடமாட்டார்கள்.

பாதி திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், சாய்வு நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு, நரம்பு தேடும் நர்ஸிடம் ஐலா என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தௌனோவுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு குளிர்காலம் அவளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டியவன் அவன். ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டியவன் அவன். போர்வைக்குள்ளிருந்து ஒரு வார்த்தை வராதா என்று கட்டில் ஓரத்தில் தவம் கிடந்தவனும் அவன்தான். அப்போதெல்லாம் அசைந்து கொடுக்காத உதடு, போன வாரம் நாற்பது நிமிடம் ஒரு பை நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியதும், மறுநாள் காலை காபி மேசையில் சிரித்தது.

எதற்கு? அவன் கையிலிருந்த கறுப்பு ரொட்டி, வெண்ணெய் தடவிய பக்கமாகவே தரையில் விழுந்ததற்கு.

பையில் இருந்தது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சோதனையின் விதி அது. உப்புத் தண்ணீராக இருந்துவிட்டால் இன்னும் மோசம் என்று நினைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீருக்குச் சிரிக்கிறவள் அவனுக்காக ஒரு தடவை சிரித்திருக்கக் கூடாதா?

அவன் கட்டிக்கொண்டது பேசாத ஐலாவை. ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிற பெண்ணை, பேசாதிருப்பதே அழகு என்று நினைக்கும் தம்பேரே ஊரில் யாருக்குத்தான் பிடிக்காது? கொடுத்துவைத்தவனடா நீ என்றார்கள் நண்பர்கள். அந்த அமைதிக்கு ஒரு நோயின் பெயர் இருக்கிறது என்பது அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

தாளை வாங்கிப் படித்த மூத்த நர்ஸ் மெர்யா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"தௌனோ, வழக்கம்னா நோய் வர்றதுக்கு முந்தின வழக்கம். அவங்களுக்கு இது ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் ஆகுது. உங்க கல்யாணமே ஏழு வருஷம் முன்னாடிதானே? நீங்க அந்த ஐலாவைப் பாத்ததே இல்லியே!"



மெர்யா கோப்பின் பக்கங்களைப் புரட்டினாள். ஐலாவுக்குப் பெற்றோர் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. 'நோய்க்கு முன்பு என்னை அறிந்தவர்' என்ற இடத்தில், ஐலா தன் கையாலேயே ஒரு பெயரையும் போன் எண்ணையும் எழுதிவைத்திருந்தாள். வெய்க்கோ. அவளுடைய முதல் கணவன். மெர்யா அந்த எண்ணை அழைத்தாள்.

காது மந்தமானவரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுகிறவன் இந்த வெய்க்கோ. போன் மெர்யாவின் காதில்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

"யாரு, ஐலாவா? சரியான வாயாடி ஆச்சே! பஸ்ஸுல முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டல்லாம் பேசி என் மானத்தை வாங்குவா. சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

மெர்யா குறித்துக்கொண்டாள். நன்றி சொல்லி போனை வைக்கப் போனாள். அப்போது அந்தக் குரல் தணிந்தது. தணிந்தும் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். சிரிச்சு முடிச்சதும் அவளுக்கு ஒரு விக்கல் வருமே... அது திரும்ப வந்துடுச்சா?"

மெர்யா தௌனோவைப் பார்த்தாள். வெய்க்கோவுக்குப் பதில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. வைத்துவிட்டாள்.

மருந்தின்மேல் கொண்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தௌனோவுக்கு அப்போது புரிந்தது. அவன் பக்கவிளைவு என்று எழுதிக்கொடுத்த ஒன்றை, எங்கேயோ ஒருத்தன் ஒன்பது வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறான்.

தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினான்.

அழிக்கக் கூடாது, முதலில் எழுதியது கீழே தெரியும்படி ஒற்றைக் கோடு மட்டும் போட வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, திருத்தியதற்குக் காரணம். முதல் இரண்டு டிக்குகளையும் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட்டான். மூன்றாவதில் பேனா நின்றது.

உள்ளே ஐலா சிரித்தாள். தௌனோ காத்திருந்தான். சிரிப்பு அடங்கியது. வந்தது விக்கல்.

அதையும் அடித்தான். காரணம் என்ற இடத்தில், கோணல்மாணலாக எழுதினான்:

'எனக்கு ஐலாவை ஆறு நாளாகத்தான் தெரியும்.'