கழற்றச் சொன்னவர்

“இதைக் கழட்டிடுங்க டாக்டர்,” என்றார் மெக்கானிக்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். “என்ன ஆச்சு? லீக் ஆகுதா? சரியா எழும்ப மாட்டேங்குதா?”

“அதெல்லாம் பக்காவா இருக்கு. நாலு அழுத்து அழுத்தினாப் போதும். வால்வும் சுத்தமா இறங்குது. நானே மூணு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன்.”

“வலி? காய்ச்சல்? எங்கேயாவது சிவந்திருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

தண்ணீர் மோட்டார்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராகப் பம்பிடம்தான் போவார்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்த பிறகு அவருடைய ஆண்மை அடியோடு ஓய்ந்துபோனது. மாத்திரை, ஊசி என்று இரண்டு வருஷம் ஓடியது. எதற்கும் அசையாததால், எட்டு மாதத்துக்கு முன்பு இந்த டாக்டர்தான் கருவியைப் பொருத்தினார். ஆணுறுப்புக்குள் இரண்டு குழல்கள், அடிவயிற்றில் ஒரு சின்ன நீர்ப்பை, விதைப்பைக்குள் விரலால் அழுத்துகிற ஒரு குட்டிப் பம்பு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

அதை இயக்கும் விதத்தை டாக்டர் சொல்லிக்கொடுத்த அன்று, இதே அறையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஊர்ல இருக்கிற பம்பை எல்லாம் பார்த்தது போதாதுன்னு, உள்ளேயே ஒண்ணு வச்சுக்கிட்டாரு. ரிப்பேர்னா யாரைக் கூப்பிடுறது டாக்டர்?”

அப்புறம் கொஞ்ச மாதங்கள் கல்யாணமான புதுசு மாதிரி போயின. சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போதே, “இன்னைக்கு மெக்கானிக்குக்கு டியூட்டி உண்டா?” என்று அவளே காதோரம் கேட்பாள். அவரும் காது சிவக்கச் சிரிப்பார்.

“சொல்லாமக் கொள்ளாம நிறுத்திட்டா டாக்டர். ரெண்டு மாசம் ஆச்சு. கிட்டப் போனா தலைவலிம்பா, நாளைக்கும்பா. இருபத்தாறு வருஷமா சுவர்ப் பக்கம் படுத்தவ, இப்ப கட்டிலோட வெளிப்பக்கம் மாறிக்கிட்டா. கையை மாரோட மடக்கிக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறா. தூக்கத்துல என் கை மேல பட்டாக்கூட, சூடு பட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்துடுறா.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்கிறது? இந்த மெஷின் உனக்கு அருவருப்பா இருக்கான்னா? அவ ஆமான்னு சொல்லிட்டா நான் எங்கே போய் நிக்கிறது?”

கேட்கவில்லையே தவிர, அவர் சும்மாவும் இருக்கவில்லை. கையில் கிரீஸ் நாற்றமோ என்று இரண்டு முறை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினார். அழுத்தும்போது சத்தம் வருகிறதோ என்று ஃபேனை நிறுத்திவிட்டுக் கவனித்தார். சத்தமே இல்லை. கடைசியில் கோளாறு கருவியில் இல்லை, கருவியேதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்.

“நான் பம்பைத் தேடுற நேரத்துல அவ கூரையைப் பார்த்துக்கிட்டு இருப்பா டாக்டர். பாவம், எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா.”

“இது நட்டைக் கழட்டி மாட்டுற வேலை இல்ல. எடுத்துட்டா அப்புறம் மாத்திரைக்கும் அசையாது, ஊசிக்கும் அசையாது. அதோட சரி. புரியுதா?”

“புரியுது. அது போனாப் போகட்டும். அவ பழையபடி என் பக்கம் திரும்பிப் படுத்தாப் போதும்.”

டாக்டர் மணியை அழுத்தினார். “வெளியேதானே உட்கார்ந்திருக்காங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்.”

“வேணாம் டாக்டர். மூஞ்சிக்கு நேரா அவ சொல்ல மாட்டா.”

அதற்குள் கதவு திறந்துவிட்டது. மனைவி ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “செக்கப் முடிஞ்சுதா?”

“அந்தக் கருவியை எடுத்துடச் சொல்றார் உங்க வீட்டுக்காரர். உங்களுக்கு அது பிடிக்கலையாம். அடுத்த வாரமே ஆபரேஷன் வைக்கணுமாம்.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடிக்கலைன்னு நான் சொன்னேனா?”

“சொல்லணுமா என்ன? ரெண்டு மாசமா பார்க்கிறேனே. விடும்மா. உன்மேல எனக்குக் கோபமே இல்ல. தப்பு இந்த மெஷினோடது.”

“அதுல ஒரு தப்பும் இல்லங்க.” பிறகு அவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: “மூணு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சு, இப்பத்தான் மனுஷன் வாய்விட்டுச் சிரிச்சார். அதைக் கெடுக்க மனசு வரல. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு தள்ளிப்போட்டுட்டேன்.”

“கெடுக்கிற மாதிரி அப்படி என்னம்மா? எதுக்கு இவரைக் கிட்டவே விடலை?”

மெக்கானிக் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். இவ்வளவு நாள் கேட்கப் பயந்தது இப்போது வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இவர் கை பட்டா, மாருல கட்டி இருக்கிறது தெரிஞ்சிடுமே.”