கடுகளவு மச்சம்

சாட்சிக் கூண்டில் நிற்கிற பறக்கும் வீரன் இப்போதுதான் சத்தியம் பண்ணிச் சொல்லி முடித்திருக்கிறான். "கிரேன் சாயும்போது நான் ரொம்ப உயரத்துல இருந்தேங்க. உள்ள ஆள் இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் முகத்த நான் பார்த்ததே இல்ல." உயரத்துச் சன்னல் வழியாக விழும் வெயிலில் அவனுடைய நீல அங்கி பளபளக்கிறது. முன்வரிசையில் கிரேன்காரரின் மனைவி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நினைத்த உருவம் எடுக்கத் தெரிந்த அவளுடைய வக்கீல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். கறுப்புக் கோட்டுக்குள் தோள்கள் அகலமாகின்றன, தையல் படபடவென்று விடுகிறது, நரைத்த தலை கறுக்கிறது. அவர் திரும்பும்போது அது அவள் புருஷனின் முகம். மண்ணுக்குள் போய் ஐந்து மாதமான முகம். வெயிலில் கருகிய காதோரம், நுனி உடைந்த முன்பல், எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்கின்றன. எந்தப் படத்திலும் விழாத அந்தக் கடுகளவு மச்சம் மட்டும் வலது கன்னத்தில் இருக்கிறது. இடது கன்னம் என்று நேற்று மூன்று தடவை சொன்னாளே, அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டாரே! பாவி மனுஷன் காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று பதறி அவள் எழுவதற்குள், கூண்டிலிருந்து குரல் ஒன்று நடுங்கி வருகிறது.

"இல்ல... மச்சம் இந்தப் பக்கம்."

பறக்கும் வீரனின் விரல் அவனுடைய இடது கன்னத்தில் இருக்கிறது. தட்டச்சுச் சத்தம் நின்றுபோகிறது. அவள் புருஷனின் முகம் அவள் பக்கம் திரும்பி, நேற்று வக்கீல் ஆட்டிய மாதிரியே மெல்லத் தலையாட்டுகிறது.