முடியும் தேதி இல்லாத மாத்திரை

ஓர் இருதயத்தின் விலை இரண்டாயிரம் என்று ரத்தப் பரிசோதனைக்கூடப் பலகையில் போட்டிருந்தது. ஜவுளிக்காரர் அதை ஆயிரத்து நானூறுக்கு முடித்திருந்தார்.

அந்தத் தெம்போடுதான் இன்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். மனைவிக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கொழுப்புதான் ஏடாகூடம். கெட்டது நூற்று ஐம்பத்தெட்டு. ட்ரைகிளிசரைடு முந்நூற்று நாற்பது. ஏற வேண்டிய நல்லதோ முப்பத்து நாலிலேயே சண்டித்தனம் செய்தது.

சர்க்கரைதான் அடங்கிவிட்டதே, அப்புறம் என்ன என்றார் ஜவுளிக்காரர்.

சர்க்கரை உள்ள உடம்பில் கொழுப்பு இப்படி நின்றால் மாரடைப்பு சொல்லிக்கொண்டு வராது, தினம் ஒரு மாத்திரை, கடைசிவரைக்கும் என்றார் டாக்டரம்மா.

கடைசிவரைக்கும் என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. முடியும் தேதி போடாத ஒப்பந்தத்தில் எந்த வியாபாரி கையெழுத்துப் போடுவான்?

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பித்தார். படியவில்லை.

பாதி மாத்திரைக்கு இறங்கினார். அதுவும் படியவில்லை.

எண்ணெயைக் குறைத்து, அரைமணி நடையையும் மேலே போட்டுத் தருவதாகச் சொன்னார். நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்றார் டாக்டரம்மா, முகம் மாறாமல்.

இந்த மாதிரி இடத்தில் எழுந்து வாசல்வரை போக வேண்டும். முப்பது வருட அனுபவம். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.

எழுந்தார். வாசல்வரை போனார்.

யாரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் பார்த்தார். மனைவி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்து, முந்நூற்று நாற்பதின்மேல் விரலை வைத்திருந்தாள். அதன் தலைப்பில் இருந்தது அவள் பெயர்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாத்திரைய எழுதினாங்க. நீங்க எழுந்து போனீங்க, நானும் பின்னாடியே வந்துட்டேன். இன்னிக்கு நீங்க போறதுன்னா போங்க."

பிறகு டாக்டரம்மாவிடம் கையை நீட்டினாள். "எழுநூத்து முப்பது மாத்திரை எனக்குப் பாக்கி. ஒண்ண இப்பவே குடுங்க."

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தார்.

கணவரைப் பார்த்தபடியே அவள் அதை விழுங்கினாள்.

பாக்கி எழுநூற்று இருபத்தொன்பது.