ஆட்சேபணை உண்டா?

“போன மாசம் என் வீட்டு வாசல்ல குப்பையைக் கொட்டிட்டு, இன்னிக்கு என் முன்னாலயே கல்யாணம் பண்ணிக்க வந்து நிக்கிறியாக்கும்?”

மேயர் கேட்ட கேள்விக்கு, கழுத்தை நெரித்த புது டையைத் தளர்த்திக்கொண்டே மாப்பிள்ளை பதில் சொன்னான். “கொட்டலீங்க ஐயா. அள்ளாம விட்டோம். அவ்வளவுதான்.”

மாநகராட்சிக் குப்பை லாரியின் டிரைவர் அவன். வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தியவனும் அவன்தான். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது, எல்லாரையும்விட அழுத்திப் பொத்திக்கொண்ட மூக்கு மேயருடையது.

அந்த ஊரில் கல்யாணம் என்றால் மாநகராட்சி மண்டபத்துக்கு வந்து பதிவு செய்தாக வேண்டும். வழக்கமாக இந்த வேலை துணை மேயர் தலையில்தான் விழும். இன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேயரே சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியுமாக வந்து உட்கார்ந்திருந்தார். பழி தீர்க்க ஆள் ஜோராகத்தான் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார் என்று பின்வரிசை லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

மாப்பிள்ளை பக்கத்து நாற்காலிகள் நிரம்பி, நாலு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெண் பக்கத்து நாற்காலிகளில் மின்விசிறிக் காற்று மட்டும் உட்கார்ந்திருந்தது.

“பொண்ணைப் பெத்தவங்க வரலையா?” மேயர் கண்ணை மேஜையிலிருந்து எடுக்காமல் கேட்டார். உள்ளே நுழைந்ததிலிருந்து அவர் பெண் நின்ற பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“அம்மாவுக்கு வர ஆசைதாங்க. அப்பா விடலை” என்று பெண்ணே பதில் சொன்னாள்.

“அவருக்கு என்னவாம்?”

“குப்பை லாரிக்காரனுக்குக் குடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்னு கேட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுட்டார்.”

“பெத்தவனுக்கு அந்தக் கோபம்கூட இருக்கக் கூடாதா?”

“தாராளமா இருக்கட்டுங்க. வந்து நின்னு, நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி மிச்சத்துக்குக் கோபப்பட்டுக்கலாமே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னும் பார்த்துட்டு இருக்கேன்.”

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். மேயர் பக்கத்தில் நின்ற வயசான பியூன் குனிந்து, “ஐயா, வேணும்னா துணை மேயரையே வரச் சொல்லட்டுங்களா?” என்றார்.

“ஏன், எனக்கு வாய் இல்லையா?”

வாய் இருந்தது. அது சட்டத்தில் உள்ளபடி திறந்தது.

“இந்தத் திருமணத்தில் இங்கே யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

மேயர் மறுபடியும் கேட்டார். பின்வரிசையில் ஒருத்தன், “எங்களுக்குப் பசி ஒண்ணுதாங்க ஐயா” என்றதும் சிரிப்பு எழுந்து அடங்கியது. மேயர் மூன்றாவது தடவையும் கேட்டார்.

“ஒரு தடவை கேட்டாப் போதுங்க ஐயா” என்று பியூன் மெல்லச் சொன்னார்.

“எனக்கே சட்டம் சொல்லிக் குடுக்கிறியா?”

ஆட்சேபணை உள்ளவர் எவரும் எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். லாரி ஸ்டியரிங் பிடித்த கை பேனாவை நசுக்கிவிடும்போல இருந்தது. அடுத்து பெண்ணின் முறை. மேயர் மைக்கூட்டை மேஜையின் இடது ஓரத்துக்கு நகர்த்தினார். அவள் இடது கையால் பேனாவை மையில் தொட்டுக் கையெழுத்திட்டாள்.

“இனி நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி.” மேயர் நிறுத்தினார். பெண் நகராமல் நின்றாள். லாரிக்காரர்கள்கூடக் காலை மாற்றி வைக்கவில்லை.

மேயர் சங்கிலியைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தார்.

“உங்கள் இருவரையும்... மாநகராட்சியின் சார்பில் வாழ்த்துகிறேன்.”

பெண் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு அங்கியையே பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

“மாநகராட்சிக்கு ரொம்ப நன்றிங்க” என்றாள்.

மாப்பிள்ளை அவள் தோளைத் தொட்டான். “வா, போகலாம். ஐயாவுக்கு வேலை இருக்கும்.”

வாசல்வரை போனவள் அங்கே ஒரு கணம் நின்றாள். மேயர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்க அங்கே இருந்ததே ஒரு காகிதம்தான். லாரிக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு தெருவுக்கு இறங்கினார்கள். ஹாரன் சத்தம் மண்டபத்துக்குள் வந்து சுற்றிவிட்டுப் போயிற்று.

“அடுத்த ஜோடியைக் கூப்பிடு.”

“அடுத்து யாரும் இல்லீங்க ஐயா. இன்னிக்கு இது ஒண்ணுதான்.”

மேயர் தலையை ஆட்டினார். அங்கியின் கை நுனியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, அதை எடுக்காமலே பேசினார்.

“பொண்ணு என்ன கலர்ல உடுத்தியிருந்தா, சொல்லுப்பா. வீட்டுக்குப் போனதும் அவ அம்மா கேப்பா.”