மூன்று வயதுக் கழித்தல்

"பேரும் பிறந்த தேதியும் உங்க வாயால நீங்களே சொல்லணும்மா" என்றாள் நர்ஸ்.

கணக்கு டீச்சர் காதில் விழாதவள் போலக் கூரையைப் பார்த்தாள்.

கையில் ஊசி ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. ரத்தப் பைதான் பாக்கி. ஒரு நர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். இன்னொருத்தி டீச்சரின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள். சீட்டு, பட்டை, டீச்சரின் வாய் மூன்றும் ஒத்துப்போனால்தான் ரத்தம் ஏற்றுவார்களாம்.

"ஒண்ணு மாறினாலும் பை திரும்பிப் போயிடும். வெளிய எடுத்து எட்டு நிமிஷம் ஆச்சு. அரை மணிக்குள்ள ஆரம்பிக்கணும்."

பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு டீச்சருக்கு ஆறில் நின்றது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பை திரும்பிப் போனால் அவள் கதி அதோகதிதான்.

ஆனால் சிக்கல் எதிரே ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் கணவர்.

டீச்சர் அவரைவிட இரண்டு வயது பெரியவள். கல்யாணப் பேச்சு நடந்தபோது மூன்று வயதைக் கழித்துச் சொல்லிவிட்டாள். முப்பத்து நான்கு வருடமாக அந்தக் கழித்தலைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறாள்.

சும்மா இல்லை. எந்தச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில் போய் முடியும். "ஒரு வயசானாலும் மூத்தவன் மூத்தவன்தான். சொன்னா கேளு" என்பார். டீச்சர் வாயை மூடிக்கொள்வாள். பஸ்ஸில் ஜன்னல் சீட், மின்விசிறிக்கு நேர் கீழே கட்டில், டிவி ரிமோட் எல்லாம் மூத்தவருக்கே.

இன்று காலைகூட இந்த அறையில் ஜன்னல் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் அவள் உட்காரப் போனாள். காற்று ஒத்துக்காது என்று அவளைச் சுவரோரம் அனுப்பிவிட்டு, மூத்தவர் அதில் தானே சாய்ந்துகொண்டார்.

நேற்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தனியாக வந்தவள், ஆஸ்பத்திரியில் பொய் எதற்கு என்று நிஜத் தேதியைச் சொல்லியிருந்தாள். சீட்டில் அதுதான் இருக்கும். ஆனால் இன்று கவுன்டரில் படிவம் நிரப்பியது அவர். பட்டையில் பொய்த் தேதிதான் இருக்கும். எதைச் சொன்னாலும் ஒன்று இடிக்கும்.

கண்ணாடி இல்லாமல் பட்டையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

"என்னங்க, கண்ணாடி வண்டியில இருக்கு. போய் எடுத்துட்டு வாங்களேன்."

"எதுக்கு? இங்க பேப்பரா படிக்கப் போற?" மூத்தவர் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு" என்றாள் நர்ஸ்.

டீச்சருக்கு அழுகை முட்டியது. ரத்தம் போனால்கூடப் பரவாயில்லை. இத்தனை வருடமும் ஏமாற்றினாயா என்று அவர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்குத்தான் பயமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பேரைச் சொன்னாள். பிறகு நாள், மாதம், வருடம். எதையும் கழிக்கவில்லை.

நர்ஸ்கள் இருவரும் சீட்டிலும் பட்டையிலும் விரலை ஓட்டினார்கள்.

"சீட்டு சரி" என்றாள் ஒருத்தி.

"பட்டை சரி" என்றாள் இன்னொருத்தி.

டீச்சர் கண்ணைத் திறந்தாள். பட்டை எப்படிச் சரியாகும்?

மூத்தவர் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நின்றிருந்தவை நாலு கார்கள்தான்.

முப்பத்து நான்கு வருடத்து ஜன்னல் சீட்டுகள் வரிசையாக டீச்சர் கண்முன் போயின.

நர்ஸ் பையைக் கம்பியில் மாட்டினாள். "என்னம்மா, ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடியே முகம் செவந்துடுச்சு?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து கணவரைப் பார்த்தாள்.

"தம்பி, எழுந்திரு. மூத்தவங்க ஜன்னல் பக்கம் உட்காரணும்."